பட்டன் பிடித்த சாம்பிள்

நாய் பழக்குகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "உங்களைக் கடிச்சிருக்குதுங்களா?" என்பதுதான். கடித்திருக்கிறது. ஆனால், நாய் வைத்திருக்கும் சக அவதிக்காரர்களே, ஏன் கடித்தது என்பதில்தான் எனக்குச் சுவாரசியம்.

தட்டுச் சத்தம்

வீரபாண்டியில் பனியன் கம்பெனி நடத்தும் செல்வராஜும் அவர் மனைவி கவிதாவும் காவல் நாய் கேட்டு வந்தார்கள். எட்டு வயது மகள் யாழினி பள்ளி விட்டு வந்தால், இவர்கள் வரும்வரை வீட்டில் தனி. ஒருநாள் எவனோ சுவரேறிக் குதித்து மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து கேட் சத்தம் கேட்டாலே பிள்ளை அறைக்குள் தாழிட்டுக்கொள்கிறாளாம்.

ஓரளவு வளர்ந்த நான்கு ராஜபாளையம் குட்டிகளுக்கு நடுவே எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டேன். ஒன்று நிறுத்தாமல் குரைத்தது. செல்வராஜுக்கு அதுதான் பிடித்தது. இன்னொன்று தெறித்து ஓடி, பிறகு மெல்லத் திரும்பி வந்து தட்டை மோந்து பார்த்தது. நான் அதைக் காட்டினேன். செல்வராஜ் உதட்டைப் பிதுக்கினார். கவிதா சொன்னார்: "பயந்தாலும் திரும்பி வருதுல்லீங்க, அதே போதுங்க. எம்புள்ளைக்கு அதுதான் வரமாட்டேங்குது."

வேஸ்ட் துணி

திரும்பி வந்த அந்தக் குட்டிக்கு யாழினி பட்டன் என்று பெயர் வைத்தாள். கடித்துப் பிடிக்கப் பழக்கும்போது கையில் கனமாகத் துணி சுற்றிக்கொள்வோம். நம் ஊரில் பனியன் வேஸ்டுக்கா பஞ்சம்? செல்வராஜ் கம்பெனியிலிருந்தே ஒரு மூட்டை வாங்கிச் சுற்றினேன். பட்டன் நன்றாகவே பிடித்தது.

ஒருநாள் மாலை, ஆர்டர் கொடுக்கும் பையருக்கு அனுப்ப வேண்டிய சாம்பிள் பனியன்களைக் கட்டாகக் கையில் அணைத்தபடி செல்வராஜ் கேட்டைத் திறந்தார். பட்டன் பாய்ந்து அந்தத் துணிக்கட்டைப் பிடுங்கிவிட்டது. ஆளைப் பிடிக்கப் பழக்குவதாக நினைத்து, பனியன் துணி வாசனையைப் பிடிக்கப் பழக்கியிருக்கிறேன்! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாயைத் திருப்பி அனுப்புவதாக நின்ற செல்வராஜ் கேட்டார்: "ஏனுங்க, கம்பெனிக்காரன் ஊட்ல பனியன் வாசம் இல்லாம வேற என்னங்க வாசம் வரும்?"

கேட் சத்தம்

கெஞ்சி இரண்டு வாரம் அவகாசம் வாங்கினேன். பனியன் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாக்குத் துணிக்கு மாறினேன். கடைசி உத்தரவை யாழினியிடம் விட்டேன். அவள் "உக்காரு" என்றால் பட்டன் உட்கார்ந்தாக வேண்டும். முதலில் ஜன்னல் வழியாகத்தான் சொன்னாள்.

இரண்டாம் வாரக் கடைசியில், அதே மாதிரி ஒரு துணிக்கட்டோடு செல்வராஜை வரச் சொன்னேன். நானும் கவிதாவும் எதிர்வீட்டு வாசலில் நின்றோம். கேட் கிறீச்சிட்டது. பட்டன் எழுந்து உறுமியது. செல்வராஜ் நின்ற இடத்திலேயே உறைந்துபோனார். அப்போது வீட்டுக்குள் தாழ் விலகும் சத்தம். யாழினி வெளியே வந்தாள். "உக்காரு" என்றாள். உட்கார்ந்தது. கவிதா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். பிள்ளை அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "இப்ப நீங்க உள்ள வரலாங்கப்பா."

காவலுக்கு நாய் வாங்குகிறவர்கள், தங்கள் வீட்டு வாசலில் தாங்களே அனுமதிக்குக் காத்து நிற்கவும் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.