ஆடியில் குடிபோன குடிசை

ஜப்பான்காரன் குண்டில் வீட்டைப் பறிகொடுத்து, ரங்கூனிலிருந்து நடந்தே வந்த எட்டுக் குடும்பங்கள் அரிமளம் சந்தைக் கொட்டகையில் கிடந்தன. உள்ளூர்க்காரர்கள் நாங்கள் சிலர் ஊரில் மூங்கிலும் கீற்றும் கேட்டு வாங்கி, குடும்பத்துக்கொரு சின்னக் குடிசை போட்டோம். முடித்த அன்று ஆடி பிறந்துவிட்டது. இடம் கொடுத்த பெரியவர் ஒற்றைக்காலில் நின்றார்.

"ஆடியில யாராச்சும் புது வீட்டுக்குக் குடிபோவாகளா? ஆவணி வரட்டுங்க."

மூன்று நாள் கெஞ்சினேன். கொட்டகைக்குள் காற்று புழுதியை வாரி இறைத்தது, பிள்ளைகள் இருமின. மனிதர் பஞ்சாங்கத்தை மூடுவதாக இல்லை. சந்தையில் படுத்துக் கிடக்க மட்டும் எந்த மாதமும் தோஷமில்லை போலிருக்கிறது!

நான்காம் நாள் அவர்களில் ஒருத்தி, இடுப்பில் குழந்தையும் கையில் சட்டியுமாக முதல் குடிசைக்குள் நுழைந்தாள். பெரியவர் கத்தினார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ரங்கூன் வீட்டுக்கு நல்ல நாளு பாத்துத்தாங்க பால் காய்ச்சினோம்."