பத்துக்கு எட்டாயிரம் பொருத்தம்

தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் ஜாதகக் கடையில்தான் எனக்கு முதல் வேலை. முதலாளி அதற்கு முன் மிக்சி ரிப்பேர் செய்தவர். ஜோசியமும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. இரண்டையும் முழுசாக நம்பினார்.

கல்யாணப் பொருத்தம் பார்க்கும் புரோகிராமை அணுபுரத்தில் குடியிருந்த ஒரு இன்ஜினியர் பொழுதுபோக்காக ‘பேசிக்’ என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டு, மாற்றலாகிப் போய்விட்டார். பிறகு வந்த புது மெஷினில் அது ஓடவில்லை. நான் சி மொழி படித்துச் சான்றிதழ் வாங்கியவள்.

"அந்த பாஷைல கீறத இந்த பாஷைல எழுதணும், அவ்ளோதான? ரெண்டு நாள்ல முடிச்சிடும்மா" என்றார் முதலாளி.

ஒரு வாரம் பிடித்தது. வரிக்கு வரி மாற்றினேன். பிழை எதுவும் காட்டாமல் ஓடியதும், சரியாகத்தான் ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அது ஓடத் தொடங்கிய இரண்டாம் நாள், நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கோவளத்திலிருந்து ஒரு அம்மா மகனுக்குப் பொருத்தம் பார்க்க வந்திருக்கிறார். முதலாளியே தட்டிப் பார்த்திருக்கிறார். நான் திரும்பியபோது, அந்த அம்மா தாளை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருந்தார்.

"பத்துக்கு எட்டாயிரத்து இருநூத்து இருபத்து நாலு பொருத்தம்!" என்றார் முதலாளி, கண் கலங்க. "இந்த மாரி ஜோடி நம்ம கடைக்கு வந்ததே இல்ல."

திரையைப் பார்த்தேன். பெண்ணின் நட்சத்திரம் ரேவதி என்று வரவேண்டிய இடத்தில் ஒரு இதயமும் இரண்டு சிரித்த முகங்களும் இருந்தன.

அப்போதுதான் உறைத்தது. இன்ஜினியர் இருபத்தேழு நட்சத்திரங்களையும் ஒன்றிலிருந்து எண்ணியிருந்தார். சி மொழி பூஜ்யத்திலிருந்து எண்ணும். நான் அதைக் கவனிக்கவே இல்லை. அதனால் அசுவினிக்காரர்கள் பரணியாகவும், பரணிக்காரர்கள் கார்த்திகையாகவும் ஒரு படி தள்ளிப் போய்விட்டார்கள். கடைசியில் நின்ற ரேவதிக்குத் தள்ளிப் போக இடமில்லாமல், பட்டியலுக்கு வெளியே கிடந்த குப்பையை அள்ளிக் கொடுத்திருக்கிறது மெஷின்.

எண்ணில் ஒன்றைக் கழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். பத்துக்கு நாலு.

"வாய மூடிகினு இரு" என்றார் முதலாளி.

என்னால் முடியவில்லை. மறுநாள் காலை, முகவரியைக் குறித்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிக் கோவளம் போனேன். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அந்த அம்மாவிடம், தப்பு என்னுடையதுதான் என்று சொல்லி, நாலு என்ற எண்ணையும் சொல்லிவிட்டேன்.

அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "நேத்து சாயங்காலமே பொண்ணுக்குப் பூ வெச்சிட்டு வந்துட்டோம். ரெண்டும் ஏற்கெனவே பேசிகினு இருந்ததுங்க. ஒறவுக்காரங்க வாய அடைக்கத்தான் உன் கடைக்கு வந்தேன்."

"அப்ப நாலு பரவாயில்லையா?"

"எனக்கும் எங்க வூட்டுக்காரருக்கும் மூணுதான். நல்லா தான கீறோம்?"

"யார் சொன்னது?" என்று உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. "இம்மாந்தூரம் வந்துட்ட. நாஸ்தா சாப்ட்டுட்டுப் போ" என்று எழுந்து கை கழுவினார். ஆறு இட்லி நிம்மதியாக உள்ளே போயின. அந்த இரண்டு நாளில் பொருத்தம் பார்த்துப் போன மற்ற பதினோரு வீடுகளுக்கும் போயாக வேண்டும் என்ற நினைப்பு ஏழாவது இட்லியின்போதுதான் வந்தது.