பேக்கரி வாசலில் நான் சொன்ன கதை

மூன்று வருடத்துக்கு முன்னால், பொங்கல் முடிந்து அடுத்து வந்த சனி, ஞாயிறு. சிதம்பரத்தில் ஆரம்பித்துக் கடலூர் முதுநகரில் முடிந்த இரண்டு நாள் சமாசாரம் இது. இன்றைக்கும் அந்த பேக்கரி இருக்கும் தெருவுக்குள் நுழைந்தால் என் வாய் தானாக அடங்கிவிடும். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடம் மருந்து கம்பெனி ரெப்பாக ஊர் ஊராக அலைந்தவன் நான். கொரோனா நேரத்தில் அந்த வேலை போனது. பிறகு, வெளியூரிலிருந்து வருகிறவர்களை நடத்தியே கூட்டிக்கொண்டு போய், நல்ல பலகாரக் கடைகளையும் மார்க்கெட்டையும் காட்டி, ருசி பார்க்க வைப்பதைத் தொழிலாக ஆரம்பித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் சிதம்பரத்தின் நான்கு வீதிகள். ஞாயிறு காலை கடலூர் முதுநகர் மீன் மார்க்கெட்டும் கடைத்தெருவும், அங்கே ஒரு பழைய பேக்கரியும். நெய்வேலியில் இருக்கும் என் தம்பி, திங்கறதைக் காட்டறதுக்குக் கூட ஒரு ஆளா என்று போனில் சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும். டாக்டர் அறை வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

இந்தத் தொழிலில் பலகாரம் பாதி, கதை பாதி. கடைக்குள் கூட்டமாக இருக்கும், நின்று பேச முடியாது. அதனால் வாசலிலேயே எல்லோரையும் நிறுத்தி, அந்தக் கடையின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவேன். கடைக்காரர்கள் சொன்னது கொஞ்சம், நானாக உப்பு, காரம் சேர்த்தது கொஞ்சம். கதை கேட்டுவிட்டுத் தின்றால் சாதாரண பன் கூட ஒரு படி கூடுதலாக ருசிக்கும். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் தனி ஆள். கல்யாணம் ஆகவில்லை. பத்துப் பேரோடு சிரித்துப் பேசித் தின்றுவிட்டு, அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு, கை கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போனதும், வடக்கு வீதிக்குப் பின்னால் இருக்கும் என் ஒற்றை அறைக்குத் திரும்புவேன். வயிறு நிறைந்துதான் இருக்கும். ஆனாலும் ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு எதையாவது சாப்பிட உட்காருவேன். இரண்டு மணி நேரம் ஓயாமல் பேசிய வாய்க்கு அந்த அறையில் வேறு வேலை கிடையாது.

அந்தச் சனிக்கிழமை பதினோரு பேர் வந்திருந்தார்கள். பத்துப் பேர் குடும்பமாகவும் நண்பர்களாகவும் வந்தவர்கள். ஒருவர் மட்டும் தனியாக வந்த பெண். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். காட்டன் புடவை, தோளில் ஒரு பை. மற்றவர்கள் இட்லியைக் கத்தரிக்காய் கொத்சில் முக்கி முக்கி ஆளுக்கு நான்கு உள்ளே தள்ளிக்கொண்டிருந்தபோது, அவர் ஒரே இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டு நான் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தார். கீழ வீதியில் காபி குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். நாளைக்குக் கடலூரில் அந்தப் பழைய பேக்கரிக்கும் போவீர்களா, உள்ளேயே போவீர்களா, முதலாளியே வந்து பேசுவாரா என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். அங்கேயே மறுநாளுக்கும் பெயர் கொடுத்துவிட்டார்.

என் பேச்சில் மயங்கித்தான் இரண்டாவது நாளும் வருகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். தனியாக வந்தவர், நானும் தனி ஆள். ஐம்பது வயதில் மனசு இப்படியெல்லாம் முட்டாள்தனமாக ஓடும். மறுநாள் காலை, அயர்ன் செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் கடலூர் போனேன். அவர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணா" என்றார். சட்டையின் மடிப்பு கலைவதற்குள் அந்தக் கனவு கலைந்துவிட்டது.

அன்றும் பத்துப் பேருக்கு மேல் கூட்டம். மீன் மார்க்கெட்டில் வஞ்சிரமும் சங்கராவும் ஏலம் போவதைக் காட்டினேன். கருவாட்டுக் கடைகளைத் தாண்டி, டீக்கடையில் நின்று, கடைத்தெருவுக்குள் நுழைந்தோம். அந்தப் பெண் வெயில் ஏறாத நேரத்திலேயே முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்தார். நான் இடது பக்கம் என்று சொல்வதற்குள் அவர் இடது பக்கம் திரும்பியிருந்தார். ஒரு சந்தில் சாக்கடை மூடி உடைந்து கிடப்பதை நான் எச்சரிப்பதற்கு முன்பே ஒதுங்கி நடந்தார். போனில் மேப் பார்த்து வைத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். ஊர் ஊராக மனுஷர்களைப் பார்த்த எனக்கு, அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

அந்த பேக்கரியில் இன்னமும் விறகு அடுப்புதான். ஒன்பது மணிக்கு வெண்ணெய் பிஸ்கட் சூடாக வெளியே வரும். அந்த நேரத்துக்குச் சரியாகக் கூட்டத்தை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, வழக்கமான கதையை எடுத்துவிட்டேன்.

கடையை ஆரம்பித்த பெரியவர் போன வருடம்தான் காலமானார். இரண்டு மகன்கள் நடத்துகிறார்கள். பெரியவருக்குப் பெண் குழந்தை என்றால் கொள்ளை ஆசை. ஆனால் பிறந்தது இரண்டும் ஆண். பெண் இல்லாத அந்தக் குறை தீர, கடைக்கு வரும் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு வெண்ணெய் பிஸ்கட்டைச் சும்மா கொடுப்பார். சாகிற வரைக்கும் அதை நிறுத்தவில்லை. இந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் இறக்குவேன். கூட்டத்தில் இரண்டு பேராவது 'ச்சோ' கொட்டுவார்கள். அன்றைக்கும் கொட்டினார்கள். எல்லோரையும் உள்ளே அனுப்பினேன்.

அவர் மட்டும் நகரவில்லை. கரண்ட் கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"பொண்ணு இல்லன்னு யாரு சொன்னாங்க?"

அவர் பிள்ளைகளே சொன்னதுதான் என்றேன், பெருமையாக. நாங்க ரெண்டு பேருதான் என்று பெரிய மகன் பல தடவை சொல்லியிருக்கிறாரே. அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "அந்த பிஸ்கட் குடுத்தது? அது நெசமா, இல்ல நீங்க சேத்ததா?" என்றார்.

அதுவரை அப்படி நேராக என்னைக் கேட்டவர்கள் யாரும் இல்லை. கொடுத்தது நிஜம், நானே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், ஏன் கொடுத்தார் என்பதுதான் என் சரக்கு என்று ஒப்புக்கொண்டேன். எப்போதிலிருந்து கொடுத்தாராம் என்று கேட்டார். ஒரு இருபது வருடமாக என்று மகன்கள் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னேன்.

"நான் வீட்ல இருந்த வரைக்கும் யாருக்கும் ஒரு ரஸ்குத் தூளக் கூட சும்மா குடுக்காத மனுசன் அவுரு" என்றார்.

எனக்குப் புரிய சில நொடிகள் ஆயின. ஒரு மகளை அவள் அப்பா கடை வாசலில் நிறுத்தி, உன் அப்பாவுக்குப் பெண்ணே இல்லை என்று, குரலை ஏற்றி இறக்கிச் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே அவர் சொன்னார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், வேறு சாதியில் ஒருவரைக் கட்டிக்கொண்டு பெங்களூர் போனவர். அவர் போன மறுநாள் அப்பா தேவனாம்பட்டினம் கடலில் போய்த் தலை முழுகிவிட்டு வந்தாராம். செத்தவர்களுக்குச் செய்வதுபோல. அதன் பிறகு ஒரு போன் இல்லை, ஒரு பொங்கலுக்கும் சீர் இல்லை. அப்பா இறந்ததே வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் என்று அத்தனை பெயரும் இருந்த போஸ்டரில் அவர் பெயர் இல்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருந்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போயிருக்கிறார்.

"சாவற வரைக்கும் எம்மேல அந்தக் கோவத்தோடவே இருந்தாரா, அது ஒண்ணுதான் தெரியணும். யாரப் போயி கேக்கறது?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதெல்லாம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். தனியாகப் போய் நின்று, அண்ணன் நாலு பேர் முன்னால் வெளியே போ என்று சொல்லிவிட்டால் தாங்க முடியாது, கூட்டத்தோடு கூட்டமாகப் போனால் சொல்ல மாட்டார், அதற்குத்தான் என் டூரில் சேர்ந்ததாகச் சொன்னார். முந்தின நாள் சிதம்பரத்துக்கு வந்தது கூட, நான் எப்படிப்பட்ட ஆள் என்று பார்க்கத்தானாம். இப்போது வாசல் வரை வந்த பிறகு கால் எழவில்லை.

"டூர்ல வந்தவங்களக் கூப்புடற மாதிரி என்னயும் கூப்புடுங்கண்ணா. வரேன்."

நான்கு படி ஏறி உள்ளே போய்த் திரும்பி நின்று, தினமும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன். வாங்க மேடம், சூடு ஆறிடப் போவுது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் ஏறி வந்தார்.

உள்ளே பெரிய மகன் தட்டில் பிஸ்கட்டை வைத்து ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு, அவருடைய பங்குப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார். எங்கப்பாவுக்கு நாங்க ரெண்டு பசங்க, ரெண்டு பேரும் இந்த அடுப்பு முன்னாடிதான் வளந்தோம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், தட்டை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். நிமிர்ந்து பார்த்தார். தட்டு அப்படியே நின்றது. சுவரில் பெரியவரின் போட்டோவுக்கு மாலை போட்டு, சின்ன சீரியல் பல்பு மினுக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதைப் பார்க்கவில்லை, அண்ணனையும் நேராகப் பார்க்கவில்லை. ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"அப்பா கடைசியா என்னா சாப்டாரு?"

கூட்டத்தில் இருந்த ஒரு சென்னைக்காரர், நல்ல கேள்வி என்று பாராட்டினார். சுற்றுலா வந்த பெண் ஆர்வமாகக் கேட்கிறார் என்று அவர் நினைத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அண்ணன் தட்டிலிருந்த பிஸ்கட்டுகளை ஒரு விரலால் ஒழுங்காகத் தள்ளி வைத்தார்.

"ரஸ்கு. பால்ல ஊறவச்சு" என்றார். "கட்டில வாசப் பக்கம் போடச் சொன்னாரு. கடைசி ஒரு மாசம் அங்கதான் படுத்துக்கினு இருந்தாரு, வாசலயே பாத்துக்கினு."

அவ்வளவுதான். சாருக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க என்று தட்டு பக்கத்து ஆளுக்குப் போய்விட்டது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் கல்லாவில் நின்றிருந்த சின்ன மகனையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் படி இறங்கினார். சின்னவர் யாருக்கோ கேக் கட்டிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை.

டூர் முடிந்ததும் நானே ஆட்டோ பிடித்து அவரை பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, நீங்க அந்தக் கதையச் சொல்லலன்னா அவரு பிஸ்கட் குடுத்தது எனக்குத் தெரிஞ்சே இருக்காதுண்ணா என்றார். அது என்னை மன்னித்ததா, ஆறுதலா என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்றைக்கு அறைக்குத் திரும்பி, தட்டை எடுக்காமல், விளக்கும் போடாமல் உட்கார்ந்திருந்தேன். பிறந்த வீடு இல்லாத இருபத்திரண்டு வருடத் தனிமைக்கு முன்னால் என்னுடையது எந்த மூலைக்கு என்று தோன்றியது. ஆனாலும் என்னுடையதும் போகவில்லை.

அடுத்த ஞாயிறு அந்த பேக்கரிக்குப் போகவே பயமாக இருந்தது. பெரிய மகன் என்னை எப்போதும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டு, அடுப்புப் பக்கம் ஒதுக்கி, "அவுங்க எந்த ஊர்லேருந்து வந்தாங்க மச்சான்?" என்று கேட்டார். கூடப் பிறந்தவளை அவுங்க என்று கேட்கிறாரே என்று இருந்தது எனக்கு. பெங்களூர் என்றேன். போன் நம்பர் வேண்டுமா என்றேன். சரி சரி, டூர் ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க என்று போய்விட்டார்.

தட்டை எடுத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். எங்கப்பாவுக்கு நாங்க, என்று ஆரம்பித்து நின்றார். பிறகு, பசங்க எல்லாம் இந்த அடுப்பு முன்னாடிதான் வளந்தோம் என்று முடித்தார். இரண்டு என்ற சொல் அங்கே இல்லை. அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் அதைச் சொல்லி நான் கேட்கவில்லை.

அதைச் சொல்லலாமா கூடாதா என்று மூன்று நாள் குழம்பிவிட்டு, அந்தப் பெண்ணுக்கு மெசேஜ் அனுப்பினேன். பதில் ஒரு வாரம் கழித்து வந்தது. 'ரெண்டுன்னு சொல்லலல்ல அண்ணா. போதும்.' அதற்குப் பிறகு அவரும் எழுதவில்லை, நானும் தொந்தரவு செய்யவில்லை.

இப்போதும் நான் கடை வாசலில் நின்று கதை சொல்கிறேன். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். ருசி ஒன்றும் குறையவில்லை. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன், கூட்டத்தின் கடைசியில் தனியாக நிற்கும் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். ஒரு குடும்பத்தின் கதையிலிருந்து எடுத்துப் போடப்பட்ட ஒருவர், அந்தக் கதையில் தனக்கு எங்கேயாவது ஒரு இடம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்பதற்காகவே அங்கே வந்து நின்றிருக்கலாம்.