பீரங்கிக்காரனின் சமையற்கட்டு

பீரங்கி சுடப் பழகியவனைக் கொண்டுபோய் அடுப்படியில் நிறுத்தினால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அப்படித்தான் நிறுத்தினார்கள். முகாமில் பீரங்கிக்கு ஆட்கள் தேவைக்கு மேல் இருந்தார்கள், சமையலுக்கு ஆள் இல்லை. "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் அதிகாரி. அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருஷமாக இழுத்துக்கொண்டு போயிற்று.

வெங்காயம் நறுக்கக்கூடத் தெரியாதவன். முதல் வாரம் அவன் பொங்கிய சோற்றைச் சுவரில் அடித்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். பசியோடு வந்த சிப்பாய்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். 'பீரங்கி' என்ற பட்டப்பெயர் அப்போது வந்ததுதான். மனுஷன் அசருகிற ஆளா? பீரங்கியடியில் பழகிய பழக்கத்தை அடுப்படிக்குக் கொண்டுவந்தான். பெரிய நீராவி அண்டாவைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டான். மூடியைத் திறக்கும் முன் கையைத் தூக்கி, "விலகு!" என்பான். எல்லோரும் கோட்டுக்கு வெளியே போன பிறகுதான் மூடியின் கொக்கியில் கை வைப்பான். "சோறு என்ன வெடிக்கவா போகுது?" என்று கேலி பேசிக்கொண்டே விலகுவார்கள். போகப் போக, அந்தச் சொல்லைக் கேட்டதும் கால்கள் தாமாகவே பின்வாங்கின.

அவனுக்கு ஒரே கவலை அக்காதான். அப்பா அம்மா போன பிறகு தையல் மிஷினை மிதித்து மிதித்து அவனை ஆளாக்கியவள். தம்பி பீரங்கி சுடுகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவளிடம் உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. குடும்பத்தார் முகாமுக்கு வரும் நாள் நெருங்க நெருங்க, அவளிடம் எப்படிச் சொல்வது என்று தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.

வந்தேவிட்டாள். துணைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரியைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, விசாரித்துக்கொண்டு நேரே சமையற்கட்டுக்கு வந்து நின்றாள்.

"என்னடா இது கோலம்?"

"பீரங்கி இல்லக்கா. சமையல்தான். ரெண்டு வருஷமா."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. அதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அதிகாரி உள்ளே வந்தார். "சாப்பாடு எங்கப்பா? எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க." கூட வேலை செய்யும் சிப்பாய் பதறிப்போய் அண்டாவின் கொக்கியைத் தளர்த்த ஆரம்பித்தான். பீரங்கி திரும்பினான். ஆவி போகிற குழாயில் சத்தமே இல்லை. அடைத்துக்கொண்டிருந்தது.

"விலகு!"

சிப்பாய் கொக்கியை விட்டுவிட்டுக் கோட்டுக்கு வெளியே பாய்ந்தான். மற்றவர்களும் பின்வாங்கினார்கள். அதிகாரியும் என்ன ஏது என்று கேட்காமல் பின்னால் போனார். அக்காவை அவனே கையைப் பிடித்து இழுத்தான். மறு நிமிஷம் மூடி பிய்த்துக்கொண்டு கூரையில் மோதி, கோட்டுக்கு உள்ளேயே விழுந்தது. எல்லோர் தலையிலும் சோற்றுப் பருக்கை. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

மறுபடி உலை வைத்துச் சாப்பாடு போட வெகுநேரம் ஆயிற்று. அவனே கூடத்துக்குப் பரிமாற வந்தான். அக்கா பக்கத்து வீட்டுக்காரியோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி அவனையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பீரங்கி சுடுறான்னு சொன்னியே?"

அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

"சுடல. சமைக்கிறான்" என்றாள் அக்கா, கூடம் முழுக்கக் கேட்கும்படி. "ஆனா என் தம்பி ஒரு வார்த்தை சொன்னா, இங்க அதிகாரியே பின்னால போறாரு."

பிறகு தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நிக்கிறியேடா, இன்னும் கொஞ்சம் போடு."