நீலக் கண்ணாடி வீடும் பின்பக்க பெஞ்சும்

போன வருடம் மே மாதம், பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது. ப்ளஸ் டூ முடித்த என் மகள், கட்டடக்கலை படிக்க சென்னையில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"எப்பா, நீங்க கேள்வி கேளுங்க. நான் பதில் சொல்லிப் பழகுகேன்" என்றாள். வீட்டில் கேட்க வேறு ஆள் இல்லை. அவள் அம்மா தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நானும் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துவிட்டு பேண்ட் போட்டு, சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காகக் காலத்தை ஓட்டிவிட்டு வந்தவனுக்குப் பேராசிரியர் வேஷம் பெரிய கஷ்டமா? மூக்குக் கண்ணாடிதான் நழுவிக்கொண்டே இருந்தது.

"பிடிச்ச கட்டடக் கலைஞர் ஆரு?"

ஒரு வெளிநாட்டுப் பெயரைச் சொன்னாள். நான் போடும் பிரஷர் மாத்திரையின் பெயர் மாதிரி இருந்தது. தெரிந்தவன் போலத் தலையாட்டினேன். அந்த மனிதர் படம் வரைவதற்கு முன், வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று அந்த இடத்திலேயே போய் உட்கார்ந்து பார்ப்பாராம்.

"இப்போ டவுண்ல எல்லாக் கடையும் கண்ணாடிப் பெட்டியாட்டு கெடக்கு. கரண்டு போனா உள்ள நிக்க முடியுதா? நம்ம ஊரு மழைக்கும் காத்துக்கும் அது எதுக்குப்பா?"

பிள்ளை நன்றாகத்தான் பேசினாள். எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது.

"சரி, பாத்ததுலயே மோசமான கட்டடம் எது?"

அவள் சீலிங்கைப் பார்த்தாள். "கோவப்படுவீங்களா?"

"ஏட்டி, நான் பேராசிரியராக்கும். கோவமே வராது."

"நம்ம வீடு."

பேராசிரியர் அந்த இடத்திலேயே எழுந்து போய்விட்டார். மிச்சம் இருந்தது நான்தான். முன்பக்கம் முழுக்க நீலக் கண்ணாடி, நாலு படுக்கையறை, கேட்டில் ரெண்டு சிமெண்ட் சிங்கம். ஒவ்வொரு லீவுக்கும் வந்து கொஞ்சம் கொஞ்சமாக நான் எழுப்பிய வீடு! வயல் பக்கம் ஜன்னல் வைக்கவில்லை. ஏசி மெக்கானிக் வீட்டில் காற்றுக்கு என்ன பஞ்சம் என்ற திமிர்.

பால் காய்ச்சிய மறுவாரமே என் மனைவி பின்பக்கம் தகரக் கூரை இறக்கி, ஒரு அடுப்பும் ஒரு பெஞ்சும் போட்டுக்கொண்டாள். எங்கள் பக்கத்துப் புது வீடுகள் பலவற்றில் இதே கதைதான். உள்ளே இருக்கும் பளபள சமையலறை வந்தவர்களுக்குக் காட்ட. சோறு பொங்குவது பின்னால். சாப்பாடு, சண்டை, சிரிப்பு எல்லாம் அந்த பெஞ்சில்தான் நடந்தது.

"ரோட்டுல போறவன் பாக்கக் கட்டின வீடுப்பா இது. நீங்க வருசத்துல ஒரு மாசம் விருந்தாளி மாதிரி வந்தீங்க. மனுசன் இருக்க இடம்னா அம்மைக்க பெஞ்சு மட்டும்தான்."

அன்றைக்கும் நாங்கள் சாப்பிட்டது அந்த பெஞ்சில்தான்.

சென்னையில் அவள் உள்ளே போன பிறகு, கல்லூரி வாசல் மரத்தடியில் நின்றேன். இடம் கிடைக்க வேண்டும் என்று மனசு சொன்னது. கிடைக்காவிட்டால் வீட்டில் ஒரு ஆளாவது இருக்குமே என்றும் அதே மனசு சொன்னது. இரண்டாவதை யாரிடமும் சொல்லவில்லை.

வெளியே வந்தவளிடம் முதலில் கேட்டதே இதைத்தான். "மோசமான கட்டடம் எதுன்னு கேட்டாங்களா மக்ளே?"

"கேட்டாங்க. ஒரு ஜவுளிக்கடையைச் சொன்னேன். வெளிய உங்கள விட்டுக் கொடுப்பேனா?"

கொஞ்ச தூரம் நடந்ததும் அவளாகவே சொன்னாள். "எதுக்கு இதைப் படிக்கணும்னும் கேட்டாங்கப்பா. ஒத்தைக்கு ஒரு ஆளு இருந்தாலும் வெறிச்சுன்னு தோணாத வீடு எப்படிக் கட்டணும்னு படிக்கணும்னு சொன்னேன்."

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு நழுவாத மூக்குக் கண்ணாடியை நழுவியதாக நினைத்துத் தள்ளிவிட்டுக்கொண்டேன்.

இடம் கிடைத்தது. போய்விட்டாள். இப்போது வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை சிங்கங்கள்தான். அவை என்னைவிடப் பொறுமைசாலிகள்.

போன வாரம் போன் செய்தாள். "எங்க இருக்கீங்க?"

"ஹால்லதான். சோபாவுல, ராஜா மாதிரி."

"தகரத்துல மழை விழுகுற சத்தம் எனக்குக் கேக்குப்பா" என்றாள்.

அவள் அம்மா போட்ட பெஞ்சில், பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பெரிய வீட்டில் எனக்கு அந்த அளவு இடம்தான் வேண்டியிருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.