ஹபீபுன்னிசாவின் ஆறு பொத்தான்

கூத்தாநல்லூரில் ஹபீபுன்னிசா வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று கீபோர்டு கட்சி. அதன் தலைவர், செயலாளர், பொருளாளர், கொடி பிடிக்கும் தொண்டர் எல்லாமே அவள் வீட்டுக்காரர் லியாகத் அலி. இன்னொன்று ரிமோட் கட்சி. அதில் ஹபீபுன்னிசா மட்டும். ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் ரிஃப்கா லீவுக்கு வரும்போதெல்லாம் எந்தக் கட்சியின் கையில் தின்பண்டம் இருக்கிறதோ அந்தக் கட்சியில் சேர்ந்துகொள்வாள்.

சண்டைக்குக் காரணம் டிவிக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒரு கறுப்புப் பெட்டி. குவைத்தில் இருபத்திரண்டு வருடம் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் கம்பளியும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். லியாகத் அலி, கம்பெனி கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தார். அதில் லினக்ஸை ஏற்றி டிவியோடு மாட்டினார். யூடியூப், பயான் என்கிற மார்க்கச் சொற்பொழிவு, பழைய பாட்டு எல்லாம் சுவரளவு தெரிந்தன.

"விண்டோஸுங்கறது குத்தகை நிலம். லினக்ஸு சொந்த நிலம். யாரும் நம்மள எழுப்பிவிட முடியாது" என்பார்.

"சொந்த நிலந்தான். நான் எறங்கி நடக்க ஒரு வரப்பு இருக்கா அதுல?" என்பாள் அவள்.

வரப்பு இல்லை. எல்லாம் கம்பியில்லாத ஒரு நீளக் கீபோர்டு வழியாகத்தான். அதை அவர் பேரப்பிள்ளை மாதிரி மடியில் வைத்திருப்பார். சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கண்ணாடியைத் தேடுவார். கண்ணாடி தலைமேல் இருக்கும். அதை ஹபீபுன்னிசா எடுத்துக் கொடுப்பாள். அதற்குள் பாட்டே முடிந்திருக்கும்.

"இதுல அரபிகூட அடிக்கலாம், தெரியுமா?"

"எனக்கு அரபி வேணாங்க. சத்தத்தக் கொறைக்கணும்."

அவள் கட்சியின் கொள்கை எளிமையானது. "கீபோர்டுக்கு ரெண்டு கை வேணும், கண்ணாடி வேணும், மடி வேணும். என் ஒரு கையில எப்பவும் கரண்டி இருக்கு. மடின்னு ஒண்ணு வரணும்னா மனுஷி உக்காரணும். இந்த வீட்ல நான் எப்ப உக்காந்தேன்?"

நியாயமான கேள்விதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், அவர் குவைத்தில் இருந்த காலத்தில் வீட்டைக் கட்டினாள். ஆறு மா நிலத்துக்குப் பட்டா மாற்ற தாலுகா ஆபீஸ் படிகளைத் தேய்த்தாள். முறைத் தண்ணி வரும் நாளில் குடையோடு வாய்க்கால் கரையில் நின்று, மேல்மடைக்காரர்களிடம் தொண்டை வற்றக் கத்தினாள். "பொம்பளப் புள்ள மாட்டுக்கு ஊசி போடப் போவுதாக்கும்" என்று சொந்தக்காரர்கள் சிரித்தபோது, "ஆமா, ஒங்களுக்கும் சேத்துப் போடும், வரிசையில நில்லுங்க" என்று சொல்லி ரிஃப்காவைச் சேர்த்துவிட்டாள். இதில் எந்த வேலையும் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை.

அவர் முழுதாக மறுக்கவும் இல்லை. செத்துப்போன டிவிடி பிளேயரின் ரிமோட்டைக் கொடுத்தார். அவள் அதற்கு உடனே பாலிதீன் உறை போட்டு ரப்பர் பேண்டு மாட்டினாள். ரிமோட் சொல்வதைப் பெட்டிக்குக் காட்ட, விரல் நீளத்தில் ஒரு கண்ணும் வாங்கிப் பெட்டியின் பின்னால் செருகினார். இனி இந்தப் பொத்தானுக்கு இந்த வேலை என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. "நாளைக்குச் செஞ்சு தர்றேன்" என்றார். அந்த நாளைக்கு இரண்டு வருடமாக வந்துகொண்டே இருந்தது.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வீட்டில் ஒரு கட்சிதான் மிச்சம். ஜெயித்த கட்சிக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் போனது.

ஹபீபுன்னிசா இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது, அண்ணன் தம்பி போன்ற நெருங்கிய உறவு தவிர வேறு ஆண்களுக்கு முன்னால் வரக் கூடாது. துணைக்கு லியாகத் அலியின் அக்கா கமருன்னிஸா பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தாள். சுத்தத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதும் சடங்குக்கு வீட்டைக் கழுவியவள், கீபோர்டையும் விடவில்லை. பாத்திரச் சோப்பு போட்டு, தேங்காய் நாரால் எழுத்தெழுத்தாகத் தேய்த்து, மொட்டைமாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் காயவைத்தாள்.

"என்னா அழுக்குங்கற ஹபீபு! எழுத்துக்கு நடுவுல அரைப்படி முறுக்குத்தூளு!"

கீபோர்டு பளபளவென்று இருந்தது. உயிர்தான் இல்லை. நாற்பது நாளில் முதல்தடவையாக ஹபீபுன்னிசா வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் அது யார் தின்ற முறுக்கு என்று ஞாபகம் வந்து, அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதே அடுப்படிக்குப் போனாள்.

ஏப்ரலில் ரிஃப்கா போன் செய்தாள். கல்லூரியில் பட்டமளிப்பு விழா. மாட்டு அறுவை சிகிச்சையில் அவளுக்குத் தங்கப் பதக்கம். தேதியைக் கேட்டதும் ஹபீபுன்னிசா விரல்விட்டு எண்ணினாள். இத்தா முடிய அன்றைக்கு இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கும். ஒரத்தநாடு பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். மெக்காவை விட தூரம் மாதிரி இருந்தது.

"அம்மா, நீ வராம நான் எப்டி வாங்குவேன்?"

"கைய நீட்டித்தான். நீ போயி வாங்கு. யூடியூப்ல காட்டுவாங்கள்ல, நான் பாக்கறேன்."

"போன்லயே பாரும்மா."

"நீ எருமையோட எடுத்த போட்டோவ போன்ல பாத்தேன். எது எரும, எது நீன்னு தெரியல. நான் டிவியில பாக்கணும். ஒன் மொகம் கதவு அகலத்துக்குத் தெரியணும்."

சொல்லிவிட்டாள். ஆனால் கீபோர்டு வடகத்தோடு காய்ந்து கிடந்தது. தெருமுனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அப்சருக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் வந்தான். உள்ளே வர முடியாதே! வாசலில் நாற்காலி போட்டு, திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டான்.

"மாமி, புது கீபோர்டு தர்றேன். செருகுனா முடிஞ்சுது."

"புதுசு வேணாம் தம்பி. ஒங்கடை கீபோர்ட ஒருநாளைக்குக் கடன் குடு. ரிமோட்டுக்குப் பாடம் சொல்லிக்குடுத்துட்டுத் திருப்பித் தர்றேன்."

"ரிமோட்டா? யாரு சொல்லிக்குடுப்பா?"

"நாந்தான். நீ அங்கேருந்து சொல்லு."

உள்ளிருந்து கமருன்னிஸா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஏண்டி, புதுசு வாங்கித் தொலையேன். வெளாட்டு சமயமா இது? பாக்க முடியாமப் போச்சுன்னா புள்ள மொகத்துல எப்டி முழிப்ப?"

"முழிக்கத்தான் மதினி ரிமோட்டு. கூட்டத்த வச்சிக்கிட்டு நான் கண்ணாடியத் தேடிக்கிட்டு இருக்க மாட்டேன்."

கடை பில் போடும் கீபோர்டு திரைக்குக் கீழே நுழைந்து வந்தது. கம்பி இரண்டடிதான். டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார வேண்டியிருந்தது. மடி கடைசியில் இந்த வழியாகத்தான் வந்தது.

"மாமி, என்ன தெரியுது?"

"கறுப்பா ஒரு சதுரம். ஒரு குச்சி கண்ணச் சிமிட்டுது."

"அதான் மாமி. இப்ப அடிங்க. ஐ. ஆர்."

"ஆரு, ரிஃப்கா ஆரா?"

"ஆமா. அப்பறம் சின்ன நடுக்கோடு. கே."

"கமருன்னிஸா கே" என்றாள் கமருன்னிஸா, தானாகவே. "நல்லா அழுத்தி அடி, எம் பேரு."

"யப்பா, பலகையில பெரிய எழுத்தா இருக்கு, அமுக்குனா சின்னதா வருது. கெட்டுப்போச்சா?"

"அப்டித்தான் வரும் மாமி, நீங்க அடிங்க."

அடித்தாள். பிறகு அவன் சொன்னபடி ரிமோட்டின் மேல் அம்பை அமுக்கினாள். கறுப்புச் சதுரத்தில் ஒரு எண் வந்து நின்றது. கீழ் அம்பை அமுக்கினாள், வேறு எண். ஹபீபுன்னிசாவுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சர்வே எண். அந்த எண்ணை யார் பெயருக்கு எழுதுகிறோம் என்பதுதான் வேலை. தாலுகா ஆபீசில் நான்கு வருடம் இதைத்தானே செய்தாள்! காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். மேலே, கீழே, சரி, திரும்பு, நிறுத்து. படம் ஓடும்போது மேலேயும் கீழேயும் சத்தத்துக்கு.

"அஞ்சு போதும் மாமி."

"ஆறாவது ஒண்ணு வேணும். பின்னால போறது."

"நேரலைக்கு அது எதுக்கு?"

"நான் எதப் பாக்க உக்காந்தாலும் அடுப்புல பால் பொங்கும் தம்பி. எந்திரிச்சுப் போயிட்டு வந்தா கத முடிஞ்சிருக்கும். இருபது வருஷமா எனக்கு எல்லாக் கதையும் பாதிதான் தெரியும். சொல்லு, ஆறாவது."

மூன்று இடத்தில் எழுத்து தப்பியது. ஒரு இடத்தில் இடைவெளி விட மறந்து, பெட்டி கோபித்துக்கொண்டது. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் கீழ் அம்பை அமுக்கினாள். டிவியில் பட்டியல் ஒரு படி கீழே இறங்கியது. நின்ற இடத்திலிருந்து, ஒற்றைக் கையால், கண்ணாடி இல்லாமல்.

"எறங்கிருச்சு!" என்று கமருன்னிஸாதான் கத்தினாள். ஹபீபுன்னிசா மறுபடி அமுக்கினாள். இறக்கினாள், ஏற்றினாள், இறக்கினாள்.

"அப்ப கீபோர்டக் குடுங்க மாமி, கடையில பில்லு போடணும்."

"இரு. கரண்டு போனா?"

எழுந்த அப்சர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான். "போனா... மறந்துரும் மாமி. மறுபடி எழுதணும்."

"மதகு தெறந்தா போதுமா தம்பி, வாய்க்கால வெட்ட வேணாமா? சித்திர மாசத்துல கரண்டு எத்தன தடவ போவும்னு ஒனக்குத் தெரியாது? கரண்டு வந்ததும் அதுவா ஞாபகம் வச்சுக்கறதுக்கு என்ன எழுதணுமோ, அதச் சொல்லு."

அப்சர் யாருக்கோ போன் போட்டுக் கேட்டு, இன்னும் நான்கு வரி சொன்னான். அடித்தாள். அடித்ததை நம்பவில்லை. எழுந்து போய் மெயின் சுவிட்சையே இறக்கினாள். காற்றாடி நின்று கமருன்னிஸா திட்ட ஆரம்பித்ததும் ஏற்றினாள். பெட்டி முனகி எழுந்தது. ரிமோட்டை நீட்டினாள். கேட்டது. அதன் பிறகுதான் கீபோர்டு, மேலே ஒரு டப்பா முறுக்கோடு, திரையைத் தாண்டிப் போனது.

விழா நாள் காலையில் தெருப் பெண்கள் பதினோரு பேர் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். பெட்டிக்கு நெட் கொடுக்கிற ஹபீபுன்னிசாவின் போன், சிக்னல் வரும் ஒரே இடமான ஜன்னல் கம்பியில் துணிக்கிளிப்பால் மாட்டித் தொங்கியது. மேடை, மாலை, பேச்சு. பேச்சு நீளமாக இருந்தது. அதை ஓட்டிவிடச் சொல்லி கமருன்னிஸா கேட்டாள். நேரலையை முன்னால் ஓட்ட முடியாது என்று ஹபீபுன்னிசா பெரிய எஞ்சினியர் மாதிரி விளக்கினாள்.

பதக்கம் கொடுப்பது தொடங்கியது. ஒருவர், இருவர். மேடை ஓரத்தில், கறுப்பு அங்கியும் வெள்ளை முக்காடுமாக, நகத்தைக் கடித்துக்கொண்டு ரிஃப்கா நிற்பது தெரிந்தது. "நகத்தக் கடிக்காதடி" என்று ஹபீபுன்னிசா டிவியிடம் சொன்னாள். ஒலிபெருக்கி "அடுத்து, அறுவை சிகிச்சைப் பிரிவில்..." என்றது.

கரண்டு போனது.

பதினோரு பேரும் ஒரே மூச்சில் "யா அல்லாஹ்!" என்றார்கள். கமருன்னிஸா மின்சாரத்துறையின் ஏழு தலைமுறையை இழுத்தாள். ஹபீபுன்னிசா மட்டும் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கறுப்புத் திரையைப் பார்த்தபடி நின்றாள். உதடு மட்டும் எதையோ ஓதியது. ஆறு நிமிடம்.

காற்றாடி முதலில் அசைந்தது. பெட்டி முனகியது. மேல், கீழ், சரி. மேடை வந்தது. மேடையில் கண்ணாடி போட்ட ஒரு பையன் கும்பிட்டுக்கொண்டிருந்தான். ரிஃப்கா நின்ற இடம் காலி.

"போச்சே! வாங்கிட்டுப் போயிட்டாளே!" கமருன்னிஸா அழவே தொடங்கிவிட்டாள். "புது கீபோர்டு வாங்குடின்னு அடிச்சுக்கிட்டேனே..."

"மதினி, கொஞ்சம் சும்மா இருங்க."

ஆறாவது பொத்தான். பையன் பின்னால் நடந்து படி இறங்கினான். இன்னொருத்தி பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள். யார் யாரோ பின்பக்கமாக வந்து பின்பக்கமாகப் போனார்கள். வெள்ளை முக்காடு ஒன்று மேடைக்கு ஏறி, பின்பக்கமாகவே நடந்து பழைய ஓரத்தில் போய் நின்றது. ஹபீபுன்னிசா விரலை எடுத்தாள்.

"...லியாகத் அலி ரிஃப்கா."

அத்தா பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். ரிஃப்கா நடந்து வந்தாள். குனிந்தாள். கழுத்தில் பதக்கம் விழுந்தது. நிமிர்ந்ததும் ஐந்தாவது பொத்தான், நிறுத்து. கதவு அகலத்துக்கு மகளின் முகம். நகம் கடித்த விரல்கூடத் தெரிந்தது.

"இன்னொருக்காப் போடு" என்றாள் கமருன்னிஸா, மூக்கைச் சிந்தியபடி. போட்டாள். "இன்னொருக்கா." மறுபடி போட்டாள். ஊசி போடுவதைச் சொல்லிச் சிரித்தவர்களில் மூன்று பேர் அந்தப் பாயிலேயே இருந்தார்கள். அவர்களுக்காகத் தனியாக மூன்று தடவை போட்டாள், வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டி. எல்லோரும் போன பிறகு, காலிக் கூடத்தில் இன்னும் ஒரு தடவை போட்டாள்.

மத்தியானம் ரிஃப்கா கூப்பிட்டாள்.

"அம்மா, பாத்தியா?"

"பாத்தேன். நகத்தக் கடிக்கிற."

"கீபோர்டுதான் போயிருச்சே, எப்டிப் பாத்த?" என்றவள், பதிலுக்கு நிற்காமல் கேட்டாள். "அம்மா, அத்தா இருந்திருந்தா..."

ஹபீபுன்னிசா பாலிதீன் உறையின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"இருந்திருந்தா? இன்னும் கண்ணாடியத் தேடிக்கிட்டு இருந்திருப்பாரு. நான் அதுக்குள்ள ஏழு தடவ பாத்துட்டேன். ஒண்ணு அவருக்காக."