சந்தா இல்லாத சங்கம்

கொட்டகலை கடைவீதியில் ஜீவராஜ் நடத்திய வீடியோக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அது தேவைப்படவும் இல்லை. சுற்றுவட்டாரத்து ஏழெட்டுத் தேயிலைத் தோட்டங்களில் சடங்கு, கல்யாணம், தீபாவளி எது வந்தாலும் டிவியும் டெக்கும் ஜெனரேட்டரும் அவனிடமிருந்துதான் போகும். கூடவே அவனும் போவான். தொண்ணூறுகளில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பாதிக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. லயத்து வாசலில் மேசை போட்டு டிவியை ஏற்றி, தூறலுக்கு ஒரு படங்கைக் கட்டிவிட்டால் போதும். மேல் லயம், கீழ் லயம் எல்லாம் இறங்கி வந்து சாக்கு விரித்து உட்கார்ந்துவிடும்.

தமிழ்ப் படத்தை யார் வேண்டுமானாலும் போடலாம். ஜீவராஜுக்குப் பேர் வாங்கித் தந்தவை மற்றப் பாஷைப் படங்கள்தான். இந்தியோ சீனமோ, பேச்சு யாருக்கும் விளங்காது. அவன் மைக்கோடு ஓரமாக நின்று கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவான். அவனுக்கும் அந்தப் பாஷைகள் தெரியாது என்பதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. வில்லனுக்கு அந்தந்தத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் போடும் கணக்கப்பிள்ளையின் பெயரை வைப்பான். கணக்கப்பிள்ளை முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, திரையில் வில்லன் குதிரையேறித் தப்புவான். “முழுநாள் வேல செஞ்சவளுக்கு அரைப்பேர் போட்டுட்டு ஓடுறாரு, விடாதீங்க” என்று மைக் சொல்லும். ஒருமுறை, படத்தின் கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்தை வாசித்த யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் எழுந்து, இவன் காதலி என்று சொல்லிக்கொண்டிருக்கும் பெண் உண்மையில் கதாநாயகனின் தாய் என்று திருத்தப் பார்த்தார். சனம் மாஸ்டரைத்தான் உட்காரச் சொன்னது.

ஊரெல்லாம் காதல் கதை சொன்னவனுக்கு முப்பத்தேழு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அக்கா ராசம்மா பார்க்காத பெண் இல்லை. அப்பாவும் அம்மாவும் போனபின் அவனை ஆளாக்கியவள் அவள்தான். பிறகு புருசனையும் பறிகொடுத்தாள். தோட்டத்துத் தொழிற்சங்கத்தில் மாதர் தலைவியாக இருந்தாள். அவள் கொழுந்து எடுக்க மலை ஏறினால் பின்னால் இருபத்தொரு பெண்கள் ஏறுவார்கள். கூட்டத்துக்குப் போனாலும் அப்படித்தான். அப்படிப்பட்டவள் பார்த்துவைத்த சம்பந்தங்களை ஜீவராஜ் ஒவ்வொன்றாகக் கெடுத்தான். அக்கரப்பத்தனையில் ஒரு பெண் வீட்டில், ஜெனரேட்டர் இரைச்சலில் காது போய்விட்டவனாக நடித்து, என்ன தொழில் என்று கேட்டவர்களிடம் புரட்டாசியில் பிறந்தேன் என்றான். இன்னொரு வீட்டில் அவன் இருமிய இருமலில் பலகாரத் தட்டை உள்ளே எடுத்துப்போய்விட்டார்கள்.

2005இல் ராசம்மா முடிவு செய்த இடத்தில் இருமல் எடுபடாது. பெண் வினோதா, தோட்டத்துச் சங்கத் தலைவர் செல்லசாமியின் மகள். கூரைத் தகரம் மாற்றுவதிலிருந்து பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவது வரை தோட்டத்துத் துரையிடம் பேசி வாங்கித் தருகிற சங்கத்துக்காரர் அவர். ராசம்மாவைத் தலைவி ஆக்கியதும் அவர்தான். பூ வைத்துச் சீலையும் கொடுத்தாகிவிட்டது. ஆவணியில் பரிசம்.

ஜீவராஜ் முதல்முறையாக நிஜமாகவே பயந்தான். அவனுக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் செந்தூரன் இருந்தான்.

செந்தூரன் யாழ்ப்பாணத்திலிருந்து 95 யுத்த இடப்பெயர்வில் வந்தவன். கசட் மொத்தமாகக் கொடுக்கும் ஒரு கடையில் வேலைக்கு நின்றான். மாதம் ஒருமுறை கசட் எடுக்கப் போன ஜீவராஜ், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனான், அப்புறம் வாராவாரம் போனான். உலகத்தில் அவ்வளவு படம் யாரும் எடுப்பதில்லையே என்று கொட்டகலையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கசட் போய் சீடி வந்தபோதும் பயணம் குறையவில்லை. இப்படியே ஒன்பது வருசம் ஓடிவிட்டது.

யோசனை சொன்னது செந்தூரன்தான். “அக்காட்டை வாயாலை சொல்ல ஏலாட்டி படத்தைக் காட்டும். உமக்கு அதுதானே தொழில்” என்றான்.

ஆணை விரும்பும் ஆண்களும், பெண்ணை விரும்பும் பெண்களும், பிறந்த உடம்பை மீறித் தம் இஷ்டப்படி வாழ்கிறவர்களும் வருசத்தில் ஒரு வாரமாவது ஒளியாமல் கூடிச் சிரிக்கட்டும் என்று கொழும்பில் ஒரு சின்ன அமைப்பு விழா எடுத்தது. ஒருநாள் ஆட்டம், ஒருநாள் கடற்கரையில் பட்டம், ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மண்டபத்தில் படம். சட்டம் இவர்களைக் குற்றவாளிகள் என்று எழுதி வைத்திருந்ததால் மண்டப வாசலில் அறிவிப்பு எதுவும் இல்லை. செந்தூரன் அங்கே புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தான்.

கொழும்பில் ஒரு கூட்டம் இருக்கிறது, படமும் காட்டுவார்கள், வா என்று ஜீவராஜ் அக்காவைக் கூப்பிட்டான். என்ன கூட்டம் என்று கேட்டாள். உரிமைக்கான கூட்டம் என்றான். கொடி உண்டா என்று கேட்டாள். உண்டு என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனால் உரிமை, கூட்டம், கொடி மூன்றும் ஒன்றாக வந்தால் அது சங்கக் கூட்டம்தான் என்பதில் தோட்டத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. ஞாயிறு விடியும்போது ஜீவராஜ் வெளியே வந்து பார்த்தால், லயத்தடியில் ஒரு வேன் நின்றது. அதற்குள் ரொட்டி, சம்பல் பொட்டலங்களோடு இருபத்தொரு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தலைவருக்குப் போட ஒரு மாலையும் வாங்கியிருந்தார்கள். அவன் வாயைத் திறக்குமுன் ராசம்மா அவனை முன் சீட்டில் ஏற்றிவிட்டாள்.

மண்டபத்துக்குள்ளிருந்தவர்கள் வேனைப் பார்த்ததும் தங்களை அடிக்க ஆள் வந்துவிட்டது என்றே நினைத்தார்கள். கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள். மூடிய கதவைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது ராசம்மாவின் ஆட்களுக்கு மனப்பாடம். வாசலிலேயே உட்கார்ந்து, கதவைத் திற, உரிமையைக் கொடு என்று ஒரே குரலில் கோஷம் போட்டார்கள். பின்பக்கமாக ஓடிவந்த செந்தூரன் ஜீவராஜின் சட்டையைப் பிடித்தான்.

“இவை எங்களுக்காகக் கத்துகினமோ, எங்களுக்கு எதிராக் கத்துகினமோ?”

“அவங்களுக்கே இன்னும் தெரியாது” என்றான் ஜீவராஜ்.

அடிக்க வந்தவர்கள் இல்லை என்று செந்தூரன் உள்ளே போய்ச் சொன்னபின் கதவு திறந்தது. இங்கே யாரு தலைவர் என்று ராசம்மா கேட்டாள். ஆளுக்கு ஆள் மற்றவரைக் காட்டினார்கள். கடைசியில் மாலை, வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்த உயரமான ஒருத்தியின் கழுத்துக்குப் போயிற்று. ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவள். சாயந்தரம் வரை அவள் அந்த மாலையைக் கழற்றவே இல்லை. பெண்களுக்கு ஆளுக்கொரு குட்டிக் கொடி கிடைத்தது. வானவில்லின் நிறமெல்லாம் அதில் இருந்தது. ராசம்மாவின் வலது கையான அம்மாக்கண்ணு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எல்லாச் சங்கமும் ஒண்ணாச் சேந்துட்டாங்க போலருக்கு” என்றாள்.

செந்தூரன் பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து ராசம்மாவிடம் நீட்டி, குடியுங்கோ அக்கா என்றான். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, இதற்காகவா நாங்கள் அட்டைக் கடியில் நின்று கொழுந்து எடுக்கிறோம் என்று கேட்டாள்.

படம் ஏதோ வெளிநாட்டுப் பாஷை. கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடிற்று. ஐந்து நிமிடத்தில் பெண்கள் நெளியத் தொடங்கினார்கள். ஜீவா, மைக்கை எடு என்று அம்மாக்கண்ணு உத்தரவு போட்டாள். செந்தூரன் மைக்கை அவன் கையில் வைத்தான்.

திரையில் ஒரு கடற்கரை ஊர். படகு திருத்துகிறவன் ஒருவன், அவனிடம் வந்துபோகும் தபால்காரன் ஒருவன். பழக்கதோஷத்தில் ஜீவராஜ் முதலில் சிரிக்க வைத்தான். துறைமுகத்து அதிகாரிக்குத் தங்கள் கணக்கப்பிள்ளையின் பெயரைக் கொடுத்தான். பிறகு தபால்காரன் படகுக்காரனின் கையைப் பிடித்தான். விடவில்லை. மண்டபம் அடங்கிற்று.

“ரெண்டு பேருக்கும் ஒம்பது வருசப் பழக்கம்” என்றான் ஜீவராஜ். “வெளிய யாருக்கும் தெரியாது. கசட் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வருவான்.”

தபால்காரனின் தோளில் கடிதப் பைதான் தொங்கியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது திரையில் வீட்டுக்காரி ஒருத்தி ஈரத் துணிகளோடு வந்து கையை ஆட்டி ஏதோ பேசினாள்.

“இது அவனோட அக்கா. ஆவணியில பரிசம்னு நாள் குறிச்சிட்டா. மாட்டேன்னு சொன்னா மருந்து குடிச்சுச் செத்துருவேங்கிறா.”

ராசம்மா எழுந்து நின்றாள்.

“அந்தப் பொம்பள அப்புடிச் சொல்லலடா” என்றாள். “துணி காயலன்னு பேசுறா. கையப் பாத்தாலே தெரியுது. நீயா ஏன் சேத்துச் சொல்ற?”

இந்தத் தடவை சனம் யாரையும் உட்காரச் சொல்லவில்லை. ஜீவராஜ் மைக்கைக் கீழே வைத்தான். மிச்சப் படம் பேச்சில்லாமலே ஓடி முடிந்தது. விளங்காமல் போனவர் என்று யாரும் இல்லை.

திரும்பும் வழியில் கித்துல்கல தாண்டும்வரை ராசம்மா வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தன வருசம்னு சொன்ன?”

“ஒம்பது.”

“தேத்தண்ணி குடுத்தாரே, அந்தத் தம்பியா?”

“ஆமாங்க்கா.”

வேன் இரண்டு வளைவு ஏறிற்று.

“மருந்து குடிக்கிறதா இருந்தா உங்க அத்தான் செத்தன்னைக்கே குடிச்சிருப்பேன். என்னைய ஏன்டா அப்புடி ஆக்குன?”

“பயந்துட்டேன்.”

“பயந்தா இருமு. காது கேக்காதுன்னு சொல்லு. நாலு சனத்துக்கு முன்னால எனக்கு வசனம் எழுதாத.”

பின் சீட்டுகளில் எல்லோரும் தூங்குவதாகப் பாவனை செய்தார்கள். அம்மாக்கண்ணு குறட்டைகூட விட்டாள்.

மறுநாள் கொழுந்து மலையில் ராசம்மா முதலில் வினோதாவிடம் போய் விசயத்தைச் சொன்னாள். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவள் வினோதாதான் என்று அவளுக்குப் பட்டது. வினோதா கையை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, பூ வைத்த சீலையைத் திருப்பித் தர வேண்டுமா என்று விசாரித்தாள். வேண்டாம் என்றதும் அப்படியானால் சரி என்றாள். ஜீவா சொல்லும் கதைகள் தனக்குப் பிடிக்கும், ஆளைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று தன்னை யாரும் கேட்கவில்லை என்றும் சொன்னாள். ஆனால் அப்பா சும்மா விடமாட்டார், உங்கள் தலைவி பதவியைப் பிடுங்கிவிடுவார் என்று எச்சரித்தாள். அது ராசம்மாவுக்கும் தெரிந்ததுதான். பிடுங்கட்டும் என்று செவ்வாய்க்கிழமை விடிய, வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போனாள்.

செல்லசாமி அவளுக்கு முன்பே வந்து காத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. பெண்கள் கூடைகளில் செருகியிருந்த குட்டிக் கொடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் எதிர்ச் சங்கம் ஏற்கெனவே ஆள் சேர்த்துக்கொண்டிருந்த நேரம். இருபத்திரண்டு பேர் மாறினால் அவர் தலைவர் இல்லை.

“ராசம்மா, அது என்னா சங்கம்?”

ராசம்மாவுக்கு ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. தலைத்துண்டை அவிழ்த்து நிதானமாகத் திரும்பக் கட்டினாள்.

“பெரிய சங்கமுங்க தலைவரே. வெளிநாட்டுலயெல்லாம் இருக்காம்.”

“சந்தா எவ்வளவு புடிக்கிறாங்க?”

“சந்தாவே இல்லயாம்.”

செல்லசாமி பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். முப்பது வருசச் சங்க வாழ்க்கையில் இப்படியொரு எதிரியை அவர் சந்தித்ததில்லை.

“கையெழுத்து வச்சிட்டீங்களா?”

“இன்னும் இல்ல. நாங்க எங்கயும் போறதா இல்லீங்க. ஆனா ஒரு விசயம். தம்பிக்குக் கல்யாணத்துல இஷ்டமில்ல. வினோதாகிட்டயும் சொல்லிட்டேன். பரிசம் வேணாம்.”

செல்லசாமி அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற இருபத்தொரு பேரையும் பார்த்தார். அம்மாக்கண்ணு கூடையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். கொடி அசைந்தது.

“இஷ்டமில்லன்னா விடு” என்றார் அவர். “எனக்கும் அந்தச் சாதகத்துல ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு.”

மத்தியானத்துக்குள், பொருத்தம் சரியில்லை என்ற செய்தியை அவரே எல்லா லயங்களிலும் சொல்லி முடித்துவிட்டார். ராசம்மாவின் பதவியைப் பற்றி மட்டும் அவர் எங்கேயும் மூச்சு விடவில்லை.

ஜீவராஜ் அன்று கடையைத் திறக்காமல் ஹட்டன் பஸ் நிலையத்தில் போகவும் வரவுமாக இருந்துவிட்டு, சாயந்தரம் பயந்து பயந்து லயத்துக் காம்பராவுக்குள் நுழைந்தான். தலைவர் என்ன சொன்னார், தன்னைப் பற்றி அவரிடம் எதைச் சொன்னாள் என்று கேட்டான். ராசம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

“உன்னையப் பத்தி ரொம்பப் பேசலடா” என்றாள். “எங்களுக்குச் சங்க விசயமே நெறைய இருந்துச்சு.”